ஹாரனா, ஏசியா?

அக்னி நட்சத்திரம் தொடங்கி இரண்டாம் நாள். ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் வேறு. சென்னையிலிருந்து திருச்சிக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பினோம். நான், மனைவி, பின்சீட்டில் பட்டுப்புடவையோடு மாமியார். புறப்படும்போது ஏசி ஜில்லென்றுதான் இருந்தது.

பரனூர் டோல்கேட்டில் நீண்ட வரிசை. நின்ற இரண்டாவது நிமிஷம் ஏசியிலிருந்து அடுப்பங்கரைக் காற்று வந்தது. டோலைத் தாண்டி எண்பதைத் தொட்டதும் மறுபடி ஜில். ஆத்தூர் டோலிலும் இதே கதை. விக்கிரவாண்டிக்கு வரும்போது மனைவியின் கண் மை கன்னத்துக்கு இறங்கியிருந்தது. மாமியார் கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டே, "மாப்ளே, இது டோல்காரனைப் பாத்தா பயப்படுதா?" என்றார்.

மச்சானுக்கு போன் போட்டேன். "கேஸ் போயிருக்கும் மாமா." ஆபீஸ் நண்பரும் கேஸ்தான் என்றார். நம் ஊரில் கார் ஏசிக்கு வருவது அந்த ஒரே வியாதிதான். போன மாதம்தான் இதே தொந்தரவுக்கு 1,800 ரூபாய் கொடுத்து கேஸ் நிரப்பியிருந்தேன். சமையல் சிலிண்டர் மாதிரி தீர்ந்துபோகிற சரக்கா அது? மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது. ஒழுகினால்தான் குறையும். ஒழுகல் இருக்கிறதா என்றே பார்க்காமல் எதற்கு நிரப்ப வேண்டும்? இந்தக் கேள்வி எனக்கு 1,800 ரூபாய்க்கு முன்னால் தோன்றவில்லை.

மாமியார்தான் ஆரம்பித்தார். "நம்ம வீட்ல ஃபிரிட்ஜை சுவரோட ஒட்டி வச்சப்ப இப்படித்தான் குளிராம போச்சு. பின்னாடி காத்து போக வழியில்ல. இதுக்கும் எங்கியோ காத்து பத்தல."

"அத்தை, கார் வேற, ஃபிரிட்ஜ் வேற" என்றேன், பொறியியல் படித்த பெருமையோடு.

உளுந்தூர்பேட்டையில் ஒரு ஷெட் திறந்திருந்தது. இருபது வயசுகூட இருக்காத பையன். பானெட்டைத் தூக்கி, "ஏசியைப் போடுங்கண்ணே" என்றான். முன்னால் இரண்டு ஃபேன். ரேடியேட்டர் ஃபேன் சுற்றியது. பக்கத்தில், ஏசி கேஸின் சூட்டை ஆற்றும் கண்டென்சருக்கான ஃபேனின் இறக்கையில் ஒரு வேப்பிலை அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"ஓடும்போது எதிர்க்காத்து அடிச்சு கண்டென்சர் ஆறிடுதுண்ணே. நின்னா இந்த ஃபேன்தான் ஊதணும். ஊதலைன்னா பிரஷர் ஏறி, கேஸை அழுத்திச் சுத்தவிடுற கம்ப்ரஸர் கட் ஆயிடும்."

பின்சீட்டிலிருந்து ஒரு செருமல். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து, தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத ஒரு கறுப்புக் கட்டையைப் பிடுங்கினான். ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச். அடியில் இருந்த பின்களில் ஒன்று கருகிப்போயிருந்தது. புதுசு இருநூறு ரூபாய்தானாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேர் கடை பூட்டு. பையன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். மூடியின் உள்பக்கம் இருந்த படத்தைப் பார்த்தான். அப்புறம் வரிசையில் இருந்த இன்னொரு ரிலேயை உருவி, இரண்டிலும் அச்சடித்திருந்த நம்பரை எழுத்துக் கூட்டி ஒப்பிட்டான். அதைக் கருகினதன் இடத்தில் செருகியதும் ஃபேன் 'உய்ங்' என்று சுற்றியது. வேப்பிலை பறந்தது.

"இது எதோடதுப்பா?"

"ஹாரனோடதுண்ணே. இப்ப ஹாரன் அடிக்காது. நாளைக்குத் திருச்சியில ஒண்ணு வாங்கிப் போட்டுக்குங்க."

ஹாரன் இல்லாமல் நம் ரோட்டில் ஓட்டுவதா? பிரேக் இல்லை என்றிருந்தால்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். "ஏசிதான் வேணும்" என்றார்கள் தாயும் மகளும் ஒரே குரலில். பையன் நூறு ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டான்.

செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று மூன்று டோலிலும் வேண்டுமென்றே வரிசையில் நிதானமாக நின்றேன். ஜில்லென்று இருந்தது. மாமியார் லேசாகக் குறட்டைகூட விட்டார்.

வினை சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் வந்தது. முன்னால் ஷேர் ஆட்டோ, குறுக்கே ஒரு மாடு, பக்கத்தில் டவுன் பஸ். என் கட்டைவிரல் ஸ்டியரிங்கை அழுத்தி அழுத்தி ஓய்ந்தது. சத்தமே இல்லை. பஸ்காரர் எங்களை ஒரு வண்டியாகவே மதிக்கவில்லை.

மாமியார் விழித்துக்கொண்டார். பின்கண்ணாடியை முழுக்க இறக்கி, தலையை வெளியே நீட்டி, "ஏ ஆட்டோ தம்பி! ஓரம் போப்பா! முகூர்த்தத்துக்கு நேரமாச்சு!" என்று தெரு அதிரக் கத்தினார். ஆட்டோ ஒதுங்கியது. மாடும் ஒதுங்கியது.

மண்டபம் போய்ச் சேரும்வரை அந்தக் கண்ணாடியை அவர் ஏற்றவே இல்லை. ஏசி காற்று முழுக்கத் திருச்சிக்குப் போனது.