தொடங்காத வேலைக்கு ஏன் ஸ்டாக்?

பேரலல் கணக்கீடுகளுக்காக சி மொழியில் ஒரு லைட்வெயிட் த்ரெட் லைப்ரரி எழுதிக்கொண்டிருந்த சமயம். த்ரெட் என்பது ஒரு நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை. லினக்ஸில் சாதாரண த்ரெட்டுக்கு வழக்கமாக 8 எம்பி ஸ்டாக் (ஃபங்ஷன்கள் தங்கள் தற்காலிகத் தரவை வைக்கும் மெமரி) ஒதுக்கப்படும். எங்களுக்கு 64 கேபி போதும் என்று முடிவு செய்து, ஒவ்வொன்றையும் தனித்தனி எம்மேப் அழைப்பில் (இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் மெமரி கேட்பது) வாங்கினோம். அடியில் ஒரு கார்டு பேஜ், அதாவது தொட அனுமதியில்லாத காவல் பகுதி. ஸ்டாக் வழிந்தால் பக்கத்து த்ரெட்டின் தரவைக் கெடுக்காமல் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

த்ரெட்டுகள் 32 ஆயிரத்தைத் தாண்டியதும், மெமரி போதவில்லை என்று எம்மேப் கைவிரித்தது. மெஷினில் மெமரி ஏராளமாகக் காலியாக இருந்தது! இரண்டு நாள் மெமரி லீக்கைத் தேடி அலைந்தோம். தீர்ந்துபோனது மெமரியே அல்ல. ஓடும் ஒரு நிரலுக்கு, அதாவது ஒரு ப்ராசஸுக்கு, 65,530 மேப்பிங்தான் (ஒரே அனுமதியுள்ள தொடர்ச்சியான மெமரித் துண்டு) என்பது கெர்னலின் வழக்கமான வரம்பு. கார்டு பேஜின் அனுமதி வேறு என்பதால் ஒரு ஸ்டாக்குக்கு இரண்டு மேப்பிங் போய்க்கொண்டிருந்தது.

சரி, வரம்பை உயர்த்திவிடலாம், ஒரு வரி வேலை. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. இத்தனை ஸ்டாக் எதற்கு என்று எண்ணிப் பார்த்தபோது, பெரும்பாலானவை இன்னும் ஓடவே தொடங்காமல் க்யூவில் காத்திருக்கும் வேலைகளுடையவை. அவற்றுக்கு ஃபங்ஷனின் முகவரியும் ஆர்க்யுமென்ட்டுகளும் இருந்தால் போதுமே. முதல்முறை ஓடும்போது மட்டும் ஸ்டாக் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி மாற்றினோம்.

அப்படியும் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவு குறையவில்லை. காரணம் க்யூவின் வரிசை. முதலில் வந்ததை முதலில் ஓட்டினால், ஒவ்வொரு வேலையும் தொடங்கி, தன் பிள்ளை வேலைகளை க்யூவில் போட்டுவிட்டு, ஸ்டாக்கைப் பிடித்தபடியே அவை முடியக் காத்திருக்கும். இப்படிக் கிளைத்துக்கொண்டே போகும் வேலை மரத்தின் ஒரு மட்டம் முழுவதும் விழித்துக்கொள்ளும். கடைசியாக வந்ததை முதலில் எடுத்தால் ஒரு கிளையின் ஆழம் அளவுக்குத்தான் ஸ்டாக் வேண்டும். எம்ஐடியின் சில்க் (பேரலல் நிரல்மொழி) ஆய்வுகள் 1990களிலேயே இதை நிறுவியிருக்கின்றன: வேலைகளை முறையாகக் கிளைபிரித்தால், எத்தனை ப்ராசசர்களோ, ஒரே ப்ராசசரில் ஓட்டத் தேவையான ஸ்டாக் இடத்தைப் போல அதிகபட்சம் அத்தனை மடங்கு போதும். அதைப் படித்திருந்தும் க்யூ எழுதும்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அப்புறம் ஒன்று மிஞ்சியது. ஒருமுறை ஆழமாக இறங்கிய ஸ்டாக், தொட்ட 4 கேபி பேஜுகளை பூலுக்கு (ஸ்டாக்குகளை மறுபடி பயன்படுத்தச் சேர்த்துவைக்கும் இடம்) திரும்பிய பிறகும் விடுவதில்லை. மேட்வைஸ் அழைப்பால் கெர்னலிடம் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் அடுத்தமுறை தொடும்போது ஒவ்வொரு பேஜுக்கும் பேஜ் ஃபால்ட் விழும், கெர்னல் அதை மறுபடி ஒதுக்கும்வரை தாமதம். அதனால் பூலின் மேல்பகுதியில் சுற்றி வருபவற்றை விட்டுவிட்டு, அடியில் நெடுநேரம் தூங்கும் ஸ்டாக்குகளை மட்டும் காலி செய்கிறோம்.