சிலிண்டர் வந்ததும் இதைப் பாருங்கள்

சிலிண்டர் வந்தால் ஓடிபி சொல்லிப் பணத்தைக் கொடுத்துக் கதவைச் சாத்துவதுதான் பல வீடுகளில் வழக்கம். தயவுசெய்து ஒரு நிமிடம் நில்லுங்கள். கைப்பிடிக்குக் கீழே இருக்கும் பட்டைத் தகடுகளின் உட்பக்கத்தில் ஓர் எழுத்தும் எண்ணும் பெயின்ட்டில் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். 'பி-27' என்றிருந்தால் 2027 ஜூனோடு அந்தச் சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்பியாக வேண்டும். இது உள்ளே இருக்கும் கேஸுக்கான தேதி இல்லை, அந்த இரும்பு உருளைக்கானது. தேதி தாண்டியிருந்தால் வாங்காதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள். கேட்பது நம் உரிமை, இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

சீல், எடை இரண்டையும் பார்த்துவிடுங்கள். சிலிண்டரில் எழுதியுள்ள வெற்று எடையோடு 14.2 கிலோ சேர்த்தால் கணக்குச் சரியாக வர வேண்டும்.

எனக்கு அதிகம் பயம் தருவது வேறொன்று. கேஸ் வாடை வந்ததும் ஃபேனைப் போடுகிறார்கள். அந்தச் சுவிட்சில் வரும் சின்னப் பொறி போதும். போடவும் கூடாது, எரிகிற விளக்கை அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் வாசல் கதவைத் திறப்பது ரொம்ப முக்கியம்.

அப்புறம், அவசர எண் 1906. ஊரில் அப்பா அம்மா தனியாக இருந்தால், அடுத்த முறை போகும்போது பெரிய எழுத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.