தூங்காத அடுப்பு

விறகு வெடிக்கும் சத்தம்தான் முதலில் கேட்டது.

பிரான்சின் காஸ்கனியில் ஒரு பண்ணை முற்றம். சக்கர வண்டி மேல் செப்பு வாலை, அதாவது மது காய்ச்சி வடிக்கும் கலன். சொந்த வாலை இல்லாத சிறு விவசாயிகளின் திராட்சை மதுவை அர்மான்யாக் என்ற பிராந்தியாக வடிக்க, அது பண்ணை பண்ணையாகப் போகிறது.

காய்ச்சுகிறவர் இரவும் அங்கேயேதான். ஓரமாக ஒரு மடக்குக் கட்டில். நூல்போல இறங்கியதை உள்ளங்கையில் ஏந்தித் தேய்த்து முகர்ந்தார். ஒரு விறகை வெளியே இழுத்தார். அந்த மூக்கைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பிரெஞ்சு பிராந்தியான கோன்யாக்கை இரண்டு முறை வடிப்பார்கள். அர்மான்யாக்கைப் பெரும்பாலும் ஒரே முறை. அதனால் திராட்சையின் முரட்டு மணம் தங்கிவிடுகிறது. எனக்கு இதுதான் பிடிக்கிறது.

தாங்கள் ருசிக்காமலே போகக்கூடிய ஒன்றுக்காக எத்தனை பேர் கண்விழிக்கிறார்கள்!

பண்ணைக்காரப் பெரியவர் ஓக் பீப்பாயில் சாக்பீஸால் இந்த வருடத்தை எழுதினார். எழுபதைத் தாண்டியவர்.

"20 வருஷம் போகட்டும்" என்றார்.