ஃபேட்டி லிவர்: எண்ணெயை நிறுத்தியும் கிரேடு ஏன் இறங்கவில்லை?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’ (கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை) என்று வந்த மறுநாளே வீட்டில் எண்ணெய், நெய், முட்டை மஞ்சள் கரு எல்லாம் நின்றுவிடும். தோசை மட்டும் அதே நான்கு. டீயில் சர்க்கரையும் அப்படியே. ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால் அதே கிரேடு.

கல்லீரலில் சேரும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து பார்த்தது. சுமார் 59 சதவீதம், உடலில் ஏற்கெனவே சேர்ந்த கொழுப்பு கரைந்து இரத்தம் வழியே வந்தது. 26 சதவீதம், சர்க்கரை, மாவுச்சத்திலிருந்து கல்லீரல் தானே தயாரித்தது. சாப்பிட்ட கொழுப்பிலிருந்து வந்தது 15 சதவீதம்தான். ஆகவே இறங்க வேண்டியது தொப்பை. குறைய வேண்டியது சர்க்கரையும் சோறும். அதற்காக எண்ணெய்க்கு முழு விடுதலை என்று அர்த்தமில்லை. ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி இருக்கிறது. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும்.

முதலில் சர்க்கரை. நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் கிட்டத்தட்ட 40 கிராம். இதை நிறுத்துவதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. நாட்டுச் சர்க்கரைக்கும் தேனுக்கும் மாறுவது ஏமாற்று வேலை, அவற்றிலும் கல்லீரல் எளிதில் கொழுப்பாக்கிவிடும் அதே ஃப்ரக்டோஸ் சர்க்கரைதான். பழத்தை ஜூஸாக்காமல் கடித்துச் சாப்பிடுங்கள். சர்க்கரையில்லாத காபி தாராளமாகக் குடிக்கலாம். கல்லீரலுக்கு நல்லது என்றே ஆய்வுகள் சொல்கின்றன.

மதியத் தட்டில் சோறு ஒரு கப், அதாவது வெந்தபின் 150 கிராம். பாதித் தட்டு பொரியலும் கீரையும். மீதி இடத்தில் கெட்டிப் பருப்பு, மீன், முட்டை அல்லது ஒரு கப் சுண்டல். காய்கறியையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் இரண்டாவது முறை பரிமாறிக்கொள்ளக் கை போகாது. உருளைக்கிழங்கு வறுவல் காய்கறிக் கணக்கில் வராது. பலர் சறுக்குவது சிறுதானியத்தில்தான். தினையும் சாமையும் மாவுச்சத்துதான், அளவு இல்லாமல் சாப்பிட்டால் பலன் இல்லை. கேழ்வரகைக் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை இன்னும் வேகமாக ஏறும்.

எடைக் கணக்கு இப்படி: 80 கிலோ இருப்பவர் 4 கிலோ, அதாவது 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு இறங்கத் தொடங்கும். அழற்சி தணிய 7 முதல் 10 சதவீதம் வேண்டும். அழற்சியால் கல்லீரலில் விழுந்த தழும்பு பின்வாங்க வேண்டுமானால் 10 சதவீதம், அதாவது 8 கிலோ. வாரம் அரைக் கிலோ என்றால் நான்கு மாதம் ஆகும். அவசரப்பட்டுப் பட்டினி கிடக்க வேண்டாம். எடை மடமடவென்று சரிந்தால் கொழுப்பு வெள்ளமாகக் கல்லீரலுக்குப் போய் அழற்சி கூடலாம், பித்தப்பையில் கல்லும் வரலாம்.

உடற்பயிற்சியில் வாரம் 150 நிமிட வேக நடை அடிப்படை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். அரை மணி நேர நடையில் 70 கிலோ ஆள் செலவழிப்பது ஏறத்தாழ 130 கலோரி. நடை முடிந்து கடையில் ஒரு வடையும் சர்க்கரை டீயும் சாப்பிட்டால் அது மொத்தமும் திரும்பிவிடும். நடையோடு வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சேருங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 12 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 12 முறை, இரண்டையும் மூன்று சுற்று. தசை வேலை செய்தால் இரத்தச் சர்க்கரையை அதுவே இழுத்துக்கொள்ளும். எடை இறங்காவிட்டாலும் கல்லீரல் கொழுப்பு ஓரளவு குறையும்.

மாதாமாதம் ஸ்கேன் எடுப்பது காசுக்குக் கேடு. சாதாரண ஸ்கேன் சின்ன மாற்றங்களைக் காட்டாது. இடுப்பளவை நாடாவால் அளந்து குறித்துவாருங்கள்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான எஸ்ஜிபிடி நார்மல் என்பதால் தழும்பு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நான்கையும் வைத்து, தழும்புக்கு எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிடும் ஃபிப்-4 கணக்கைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்; 1.3-க்கு மேல் வந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மது அடியோடு வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும்முன் மருத்துவரிடம் பேசி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் லோ சுகர் வரலாம். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுபவர்கள் ‘லிவருக்குக் கெடுதலாமே’ என்று தாமாகவே நிறுத்திவிடாதீர்கள். மூலிகை என்றாலும் கவனம் வேண்டும்: சீந்தில் கொடியை நம்பிக் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் 2021-லேயே எழுதியிருக்கிறார்கள்.