அடி உருண்ட சட்டி

இலங்கையின் வடக்கே, வன்னியில் மண்சட்டி வேலைக்கு ஆவணிதான் தொடக்கம். குளங்கள் வற்றிக் கிடக்கும்போதே மண்ணை எடுத்துக் குவித்துவிட வேண்டும். எங்கள் பட்டறை முள்ளியவளைப் பக்கம் இருக்கிறது. தகரம் போட்ட ஒரு கொட்டில், ஒரு மோட்டார்ச் சக்கரம், பின்னால் விறகுச் சூளை, அவ்வளவுதான்.

குளத்து மண் வழுவழுவென்று நல்லாத்தான் இருக்கும். ஆனால் உள்ளே நத்தை ஓட்டுத் துண்டுகள் கிடக்கும். சூளைச் சூட்டில் அவை சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சட்டியை எடுக்கும்போது ஒரு குறையும் தெரியாது. பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்துச் சுண்ணாம்பு பொருமி, பொட்டுப் பொட்டாக மண்ணைப் பெயர்த்துத் தள்ளும். அதனால் மண்ணை உடைத்து, தண்ணீரில் கரைத்து, வலைத்துணியில் வடித்த பிறகுதான் மற்ற வேலை. சமையல் சட்டிக்கென்றால் மணலும் சேர்த்து மிதிக்க வேண்டும். மணல் குறைந்தால் வனைய இதமாக இருக்கும், அடுப்பில் வெடித்துவிடும்.

சக்கரத்தில் எல்லாரும் நின்று பார்ப்பார்கள். எனக்கோ அதற்குப் பிறகு வருகிற வேலையில்தான் விருப்பம். நூலால் அறுத்து இறக்கும்போது சட்டியின் அடி தட்டையாக, தடிப்பாக இருக்கும். நிழலில் பாதி காய்ந்ததும் உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டி அடியை உருட்டுகிறோம். கல்லில் சாம்பல் தொட்டுக்கொள்ளாவிட்டால் மண் ஒட்டும். தடிப்பான இடத்தில் தட்டினால் தொப்பென்று கேட்கும், மெலிய மெலியச் சத்தம் கூர்மையாகும். "கண்ணாலை இல்லைப் பிள்ளை, காதாலை பார்" என்று மாமா சொல்லித் தந்தது இந்த இடத்தில்தான். காஸ் அடுப்புக்குத் தட்டை அடி கேட்கிறார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. சுவரும் அடியும் மடிகிற மூலையில்தான் சூடு ஏறுமாறாக ஏறி வெடிப்பு விழும். உருண்ட அடிக்கு மூலையே கிடையாது.

தைப்பொங்கலுக்குத்தான் பானை அதிகம் போகும். அப்புறம் வைகாசியில் வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கல். மார்கழி மழையில் பானையும் காயாது, விறகும் பிடிக்காது. தைப் பானையைப் புரட்டாதிக்குள் சுட்டு அடுக்கிவிட வேண்டும்.

சூளையில் முதலில் வெறும் புகைதான். சுவரில் மிஞ்சிய ஈரம் ஆவியாகி மெல்ல வெளியேற வேண்டும், அவசரப்பட்டு எரித்தால் சட்டி வெடித்துச் சிதறும். பிறகுதான் சிரட்டையும் பொச்சுமட்டையும் (தேங்காய் மட்டை) போட்டு நெருப்பை ஏற்றுவோம். காற்று நன்றாகப் போனால் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பாகும். சூளை வாயை மூடிப் புகையை அடைத்தால் சட்டி கறுத்து வரும்.

புதுச் சட்டி வாங்கினால் ஒரு இரவு தண்ணீரில் ஊற விடுங்கள். அடுத்த நாள் அரிசி கழுவிய தண்ணீரை மெல்லிய நெருப்பில் கொதிக்க வையுங்கள், அந்தக் கஞ்சிப்பசை நுண்துளைகளை அடைக்கும். சவர்க்காரம் வேண்டாம், துளைகள் அதையும் குடித்துவிடும். பிறகு பழப்புளி விட்டு ஒரு குழம்பு வையுங்கள். நந்திக்கடல் இறால் கிடைத்தால் இன்னும் நல்லது.