வெனிஸில் விடிகாலை விமானம்: கடைசி இரவை எங்கே தங்குவது?

வெனிஸ் என்றதும் கால்வாயைப் பார்த்த ஜன்னல் உள்ள அறையைத்தான் எல்லோரும் தேடுவார்கள். நாங்களும் தேடினோம், கிடைத்தது. ஆனால் திரும்பும் விமானம் காலை ஏழு மணிக்கு. கூட வந்த அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. இதையெல்லாம் யோசித்துவிட்டு, கடைசி இரவு எங்கே தூங்குவது என்பதை முதலில் முடிவு செய்தோம். மற்ற இரவுகளை அப்புறம் பார்த்துக்கொண்டோம். வெனிஸுக்குக் கிளம்பும் யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். விடிகாலை விமானம் என்றால், கடைசி நாள் காலையிலிருந்து பின்னோக்கித் திட்டம் போடுங்கள்.

காரணம் ஊரின் அமைப்பு. மார்க்கோ போலோ விமான நிலையம் தீவில் இல்லை, தெஸ்ஸேரா என்ற இடத்தில் நிலப்பரப்பில் இருக்கிறது. நிலப்பரப்பிலிருந்து தீவுக்கு 1846-இல் ரயில் பாலம் போட்டார்கள். அதையொட்டிச் சாலைப் பாலம் வந்தது 1933-இல்தான். ரயில் சாண்டா லூசியா நிலையத்தில் நின்றுவிடும். சாலை பியாசாலே ரோமா என்ற சதுக்கத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் கார் இல்லை, பேருந்து இல்லை, சைக்கிள் ஓட்டவும் அனுமதி இல்லை. நடக்க வேண்டும், இல்லையென்றால் படகு பிடிக்க வேண்டும். ஊருக்குள் நானூறுக்கு மேல் பாலங்கள். படகு அடியில் போக வேண்டும் என்பதால் அநேகமாக எல்லாமே படி ஏறி இறங்கும் பாலங்கள்தான்.

பகலில் கைவீசிக்கொண்டு நடக்கும்போது இந்தப் பாலங்கள் ஒரு பொருட்டே இல்லை. ஏறி உச்சியில் நின்று ஒரு படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுவோம். இருபத்து மூன்று கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இருட்டில், பனி ஈரத்தில் ஏறுவது வேறு விஷயம். படிகளின் விளிம்பில் இஸ்திரியா வெள்ளைக் கல்லைப் பதித்திருப்பார்கள். பல தலைமுறைக் கால் பட்டு வழவழவென்று இருக்கும், ஈரமானால் வழுக்கும். முதல் நாளே மூன்றாவது பாலத்தில் அம்மா நின்றுவிட்டார். "இன்னும் எத்தனை பாலம்டி இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் அறை பதிவு செய்யும்போது விடுதிக்காரரிடம் கேட்க வேண்டும். தூரம் எத்தனை மீட்டர் என்று கேட்டால் வரும் பதிலால் பெரிய பயன் இல்லை. பியாசாலே ரோமாவிலிருந்து உங்கள் வாசலுக்கு வர எத்தனை பாலம், அதில் எத்தனை படி என்று கேளுங்கள். உள்ளூர்க்காரர்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஒரு காலை நின்று பார்த்தேன். கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் ஆட்கள் இரும்புத் தள்ளுவண்டி வைத்திருக்கிறார்கள். பின்னால் இரண்டு பெரிய சக்கரம், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சின்னச் சக்கரம். படிக்கு வந்ததும் சின்னச் சக்கரத்தை முதல் படியில் ஏற்றி, கைப்பிடியை அழுத்தி, பெரிய சக்கரத்தை அடுத்த உந்தலில் மேலே கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு படிக்கும் அதே அசைவு, டக் டக் என்று ஒரே தாளத்தில். குப்பை வண்டியும் அப்படித்தான் வருகிறது, குளிர்சாதனப் பெட்டியும் அப்படித்தான் வருகிறது. வண்டியும் பழக்கமும் உள்ள அவர்களுக்கே பாலத்துக்குப் பாலம் மூச்சு வாங்குகிறது.

வரைபடத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 'கிராண்ட் கனால்' எனப்படும் பெரிய கால்வாயைக் கடக்க மொத்தம் நாலே பாலம்தான்: ரியால்டோ, அக்காதேமியா, ஸ்கால்சி, அப்புறம் 2008-இல் திறந்த கோஸ்டிடூசியோனே. எதிர்க்கரையில் உள்ள விடுதி கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், நடந்தால் கால் மணி நேரம் சுற்ற வேண்டியிருக்கும். கால்வாயின் குறுக்கே ஆட்களை ஏற்றிப்போகும் 'திராகெத்தோ' என்ற கொண்டோலாக்கள் உண்டு, வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு யூரோ. ஆனால் அது பகல் நேரச் சேவை. விடிகாலை நாலு மணிக்கு அந்தத் துறையில் யாரும் இருக்க மாட்டார்கள். முகவரியும் நமக்குப் பழக்கமில்லாத விதமாக இருக்கும். ஊரை ஆறு வட்டாரங்களாகப் பிரித்து, தெருவுக்கு என்று இல்லாமல் வட்டாரம் முழுமைக்கும் தொடர் எண் போட்டிருக்கிறார்கள். 'கன்னாரேஜோ' என்று வட்டாரத்தின் பெயரை எழுதி நாலு இலக்க எண் ஒன்று போட்டிருந்தால் அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. சந்தின் பெயரையும் பக்கத்துப் பாலத்தின் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் வந்து இறங்குபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

நாங்கள் தங்குவதை இரண்டாகப் பிரித்தோம். முதல் இரவுகள் ஊருக்கு நடுவில், காஸ்தெல்லோ பக்கம். கடைசி இரவு மட்டும் ரயில் நிலையத்துக்கு அருகில், லிஸ்தா தி ஸ்பான்யா தெருவையொட்டி. என் வீட்டுக்காரருக்கு முதலில் இதில் இஷ்டமில்லை. ஒரு ராத்திரிக்காகப் பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டுமா என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மாற்றத்தைப் பட்டப்பகலில், அவசரமில்லாமல், படகில் செய்யலாம். விடிகாலையில் அதே தூரத்தைக் கடக்க அந்த வசதி இல்லை. பெரிய கால்வாயில் பகல் முழுக்க 1-ஆம் எண் வாபரெட்டோ, அதாவது ஊர்ப் பேருந்து போல ஓடும் பொதுப் படகு, துறைக்குத் துறை நின்று போகும். இரவில் 'N' என்ற எழுத்துத் தடம் மட்டும், இடைவெளி விட்டு ஓடும். சான் மார்க்கோவிலிருந்து பியாசாலே ரோமாவுக்கு 1-ஆம் எண் படகில் முக்கால் மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வாபரெட்டோவில் பெட்டி கொண்டுபோவதற்கு ஒரு விதி இருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 150 செ.மீ.க்குள் வரும் ஒரு பெட்டிக்குத் தனிக் கட்டணம் இல்லை. விமானத்தில் செக்-இன் பெட்டிக்குப் பொதுவாக 158 செ.மீ. வரை விடுவார்கள். அதனால் விமானத்துக்குச் சரியாக இருக்கும் பெரிய பெட்டி இங்கே அளவு தாண்டிவிடும். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே நாடாவால் அளந்துவிடுவது நல்லது. ஒற்றைப் பயணச் சீட்டு 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ என்பதால், நாங்கள் பாஸ் வாங்கிக்கொண்டோம். இடம் மாறும் நாளும் அந்த பாஸுக்குள் அடங்குகிற மாதிரி தேதியை அமைத்துக்கொண்டதில் அந்தப் படகுச் செலவு தனியாக வரவில்லை.

இனி விமான நிலையத்துக்குப் போகும் வழிகள். எங்கள் தேர்வு பேருந்து. பியாசாலே ரோமாவிலிருந்து இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. ஏசிடிவியின் 5-ஆம் எண் ஏரோபஸ் ஒன்று, ஏடிவிஓவின் விரைவுப் பேருந்து இன்னொன்று. இரண்டும் 20 முதல் 25 நிமிடத்தில் கொண்டுபோய் விடும், நாங்கள் போனபோது இரண்டிலும் 10 யூரோ. ஒன்றின் சீட்டு மற்றதில் செல்லாது, இதை மறந்துவிட வேண்டாம். வாபரெட்டோ பாஸிலும், விமான நிலையத்தையும் சேர்த்து வாங்கினால்தான் 5-ஆம் எண்ணில் ஏறலாம். கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் முந்தின நாள் மாலை சதுக்கத்துக்கே போய், எந்த மேடையிலிருந்து கிளம்புகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, சீட்டையும் வாங்கிவிட்டோம். விடிகாலையில் இயந்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை.

நாலு பேர் என்றால் தரை டாக்ஸியையும் விசாரியுங்கள். அதே பியாசாலே ரோமாவில்தான் நிற்கும். நாற்பது, ஐம்பது யூரோ ஆகும். நாலு பேருந்துச் சீட்டோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை.

அலிலகூனா என்ற படகுச் சேவையும் விமான நிலையத்துக்குப் போகிறது. காயலைக் கடந்து வெனிஸுக்கு வந்து சேர்வதற்கு அதைவிட அழகான வழி கிடையாது, வரும்போது அதில்தான் வந்தோம். முரானோ தீவைத் தாண்டி ஃபொந்தாமெந்தே நோவே துறை நெருங்கும்போது அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றே வந்தார். ஆனால் சான் மார்க்கோ பக்கமிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வாபரெட்டோ பாஸ் செல்லாது. படகுத்துறையிலிருந்து விமான நிலையக் கட்டடத்துக்கு ஏழெட்டு நிமிடம் நடக்கவும் வேண்டும். ஃபொந்தாமெந்தே நோவேக்கு அருகில் தங்கியிருந்தால் மட்டும், முதல் படகு நேரம் பார்த்து, காலையில் யோசிக்கலாம். தனிப் படகு டாக்ஸி உங்கள் விடுதிப் படித்துறைக்கே வந்து ஏற்றிக்கொண்டு அரை மணியில் கொண்டுபோய் விடும். நூறு யூரோவுக்கு மேல் ஆகும். நடக்கவே முடியாத பெரியவர்கள் உடன் இருந்தால் அந்தப் பணத்தைச் செலவழிப்பதில் தவறே இல்லை. ஆனால் முன்பதிவு செய்துவிட வேண்டும்.

உங்கள் சீட்டில் திரேவீசோ என்று இருந்தால் இதெல்லாம் பொருந்தாது. அது முப்பது கிலோமீட்டர் போல வடக்கே இருக்கும் வேறு விமான நிலையம். அதற்குத் தனிப் பேருந்து, கூடுதல் நேரம்.

மெஸ்த்ரேயில் தங்கலாமே என்று பலர் கேட்பார்கள். நிலப்பரப்பில் உள்ள ஊர், அறை வாடகை குறைவு, லிஃப்ட் உண்டு, ரயிலில் பத்து நிமிடத்தில் வெனிஸ். விமான நிலையத்துக்கு அங்கிருந்தும் நேரடிப் பேருந்து இருக்கிறது. கடைசி இரவுக்கு மட்டும் என்றால் நல்ல யோசனைதான், மறுக்க மாட்டேன். எல்லா இரவும் அங்கேயே என்றால் எனக்கு உடன்பாடில்லை. பகல் கூட்டம் வடிந்து, சந்துகள் காலியாகி, ஊர்க்காரர்கள் நாயோடு வெளியே வந்து சதுக்கத்தில் நின்று பேசும் நேரத்தில் நீங்கள் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பீர்கள். தீவிலேயே, பியாசாலே ரோமாவுக்கு ஒரு பால தூரத்தில் சாந்தா குரோச்சே, கன்னாரேஜோ பகுதிகளில் எளிமையான விடுதிகள் நிறைய இருக்கும்போது அந்த மாலைகளை இழக்க வேண்டியதில்லை. பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் 'முதல் மாடி' என்று எழுதியிருந்தாலும் படிக்கட்டு செங்குத்தாக இருக்கலாம்.

எங்கள் விடுதிக்கும் பேருந்துக்கும் நடுவில் இருந்தது அந்தக் கோஸ்டிடூசியோனே பாலம். ஸ்பானியக் கட்டடக் கலைஞர் சாந்தியாகோ கலத்ராவா வடிவமைத்தது. படிகள் ஒரே அளவில் இல்லை, கண்ணாடி பதித்த இடங்களில் வழுக்கி விழுந்தவர்கள் ஏராளம். கண்ணாடியை எடுத்துவிட்டுக் கல் பதிக்க நகராட்சியே முடிவு செய்யும் அளவுக்குப் போய்விட்டது. அம்மாவைக் கல் பதித்த பக்கமாகக் கையைப் பிடித்து அழைத்துப்போனேன். வீட்டுக்காரர் பெட்டிகளை ஒவ்வொன்றாக மேலே கொண்டுபோய் வைத்தார். மெதுவாகப் போயும் பத்தே நிமிடத்தில் பேருந்து மேடையில் நின்றோம்.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் போகிறவர்கள் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். கடல் மட்டம் உயர்ந்து தெருவில் தண்ணீர் ஏறுவதை அங்கே 'அக்குவா ஆல்தா' என்பார்கள். 2019 நவம்பர் 12 இரவு அலை அளவுகோலில் கடல் மட்டம் 187 செ.மீ. வரை போனது. 2020 அக்டோபரிலிருந்து மோசே என்ற கடல் தடுப்பை இயக்குகிறார்கள், அதனால் பெரிய வெள்ளம் ஊருக்குள் வருவது நின்றிருக்கிறது. ஆனால் தடுப்பு எழாத குறைந்த அளவுகளிலும் சான் மார்க்கோ சதுக்கம் போன்ற தாழ்வான இடங்கள் நனையும். அந்தப் பகுதியில் தங்கினால் நகராட்சியின் அலை முன்னறிவிப்பை முந்தின இரவே பார்த்துவிடுங்கள். மூடுபனி நாளில் படகுகள் தாமதமாகும். பேருந்தையே நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, வேலைநிறுத்தம். இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் தேதியோடு பட்டியல் இருக்கும். வேலைநிறுத்த நாளிலும் காலை 7 முதல் 10 வரை, மாலை 6 முதல் 9 வரை கிளம்பும் விமானங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் விமானம் கிளம்பினாலும் உங்களை அங்கே கொண்டுபோகும் பேருந்து நின்றிருக்கலாம். அதனால் விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் தரை டாக்ஸி நிலையத்தின் எண்ணை வாங்கி, அன்று இரவே தொலைபேசியில் பதிந்து வைத்தோம். இரவில் வரவேற்பில் ஆள் இருப்பார்களா, சாவியை எங்கே போட வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொண்டோம். பத்து மணிக்கு மேல் அங்கே யாரும் இருக்க மாட்டார்களாம், வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, அதில் போட்டுவிட்டுப் போகலாம் என்றார்.