பூனைக்கு டின் உணவு: லேபிளும் விலைக் கணக்கும்

கடையில் டின் எடுக்கும்போது முன்பக்கப் படத்தையும் விலையையும் பார்த்து முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. நம் ஊரில் டின்னைவிட பவுச்தான் அதிகம் கிடைக்கிறது. கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் தேட வேண்டியது 'கம்ப்ளீட்' அல்லது 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற சொல். அது இருந்தால் அந்த உணவை மட்டுமே தினமும் கொடுக்கலாம். 'காம்ப்ளிமென்டரி', 'சப்ளிமென்டல்' என்று போட்டிருந்தால் அது தின்பண்டம். ஜெல்லியில் வெள்ளை வெளேரென்று மீன் துண்டுகள் கிடக்கும் அழகான சின்ன டின்களில் பல இந்த வகைதான். சுத்தமான மீன்தானே என்று நம்பி மூன்று வேளையும் அதையே வைப்பவர்கள் நிறையப் பேர். தின்பண்டம் நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 4 கிலோ பூனைக்கு அது ஏறக்குறைய 20 கலோரி, அதாவது இரண்டு டேபிள்ஸ்பூன் அளவு.

இந்தச் சொல்லுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்றால், டாரின் என்ற அமினோ அமிலம். பூனையின் உடல் தனக்கு வேண்டிய அளவு டாரினைத் தயாரித்துக்கொள்ளாது, உணவில் இருந்துதான் வர வேண்டும். குறைந்தால் இதயத் தசை தளர்ந்து வீங்கும், கண்ணின் விழித்திரை கெடும். 1987-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் இந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். தீவனத்துக்கும் செல்லப்பிராணி உணவுக்கும் தரம் வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பின்படி டிரை ஃபுட்டில் ஈரம் நீக்கிய எடையில் 0.1% டாரின் போதும், டின் உணவில் 0.2% வேண்டும். டின்னை அடைத்துச் சூடேற்றிப் பதப்படுத்துவதால் அதில் உள்ள டாரின் பூனையின் உடலில் குறைவாகவே தங்குகிறது என்பதால் இந்த இரட்டிப்பு. மனிதர்களுக்கான டூனா டின் விலை குறைவாக இருக்கிறதே என்று அதைத் தினசரி உணவாக்குவது இதனால்தான் தவறு. அதில் பூனைக்கு வேண்டிய அளவில் டாரினோ கால்சியமோ வைட்டமின்களோ சேர்ப்பதில்லை; உப்பு வேறு இருக்கும்.

குட்டிகளுக்கும் சினைப் பூனைக்கும் 'குரோத்' அல்லது 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' என்று இருப்பதை வாங்குங்கள். 'அடல்ட் மெயின்டனன்ஸ்' அவற்றுக்குப் போதாது.

அடுத்தது புரதம். 'டின்னில் வெறும் 10%, டிரை ஃபுட்டில் 30%' என்று ஒப்பிடுவது பிழை. டின்னில் 80% தண்ணீர். அதைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு டின்னில் புரதம் 10%, கொழுப்பு 4%, நார் 1%, சாம்பல் (அதாவது தாது உப்புகள்) 2%, ஈரம் 80% என்று இருக்கிறது. ஈரம் போக மிஞ்சுவது 20. பத்தை இருபதால் வகுத்தால் புரதம் 50%. டிரை ஃபுட்டில் ஈரம் 10% என்றால் 30-ஐ 90-ஆல் வகுக்க, 33%தான் வரும். மாவுச்சத்தை லேபிளில் போடமாட்டார்கள். போட்டிருக்கும் ஐந்தையும் கூட்டி நூறிலிருந்து கழியுங்கள்: இங்கே 3. அதையும் 20-ஆல் வகுத்தால் 15%. சாம்பல் போடவில்லை என்றால் 2 முதல் 3 என்று வைத்துக்கொள்ளலாம். 'கிரெய்ன் ஃப்ரீ' என்று போட்டதாலேயே மாவுச்சத்து இல்லை என்று ஆகிவிடாது, உருளைக்கிழங்கும் பட்டாணியும் மரவள்ளியும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

இப்போது விலை. பவுச்சுக்கு எவ்வளவு என்று பார்க்காமல் 100 கலோரிக்கு எவ்வளவு என்று பாருங்கள். 100 கிராமில் உள்ள புரதத்தை 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும், மாவுச்சத்தை 3.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் கலோரி கிடைக்கும். மேலே சொன்ன டின்னுக்கு 35 + 34 + 10.5, கிட்டத்தட்ட 80. கிரேவி பவுச் ஒன்றில் புரதம் 7%, கொழுப்பு 2.5%, மாவுச்சத்து 4%, ஈரம் 84% என்றால் 60 கலோரிதான். 85 கிராம் பவுச்சில் 51. பவுச் 45 ரூபாய், 400 கிராம் டின் 200 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பவுச்சில் 100 கலோரிக்கு 88 ரூபாய் ஆகிறது, டின்னில் 63 ரூபாய்க்கும் குறைவு. கிரேவியில் பெரும்பகுதி தண்ணீருக்கும் கெட்டிப்படுத்தும் மாவுக்கும்தான் காசு போகிறது. அதே விலைக்குப் பேட்டே வகை (இறைச்சியை மசித்துக் கெட்டியாக அடைத்தது) கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுக்கலாம்.

கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 கலோரிக்குச் சற்று முன்பின் போதும். அப்படியென்றால் 400 கிராம் டின் ஒன்றரை நாளில் காலியாகிவிடும். முழுக்க டின்னில் ஓட்டக் கட்டுப்படியாகாதவர்கள் பாதிக்குப் பாதி கொடுக்கலாம்: 100 கலோரி டின்னில் இருந்து, மீதி 28 கிராம் டிரை ஃபுட். தண்ணீர் உள்ளே போவது முக்கியம், குறிப்பாக ஆண் பூனைகளுக்கு. சிறுநீர் அடைத்துக்கொண்டு மண்ணில் போய் முக்கி முக்கி உட்கார்ந்தால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டிய நிலை அது.

பொருட்பட்டியலில் முதலில் பெயர் சொன்ன இறைச்சி இருக்கட்டும்: கோழி, வான்கோழி, கானாங்கெளுத்தி என்று. ஈரல், இதயம், இரைப்பை போன்ற 'பைபிராடக்ட்' பெயரைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். பூனைக்கு அவை நல்ல உணவு, விலையையும் குறைக்கின்றன. கோதுமை குளூட்டன் (கோதுமை மாவில் உள்ள புரதம்) பட்டியலில் மேலே இருந்தால் கவனியுங்கள். லேபிளில் வரும் புரதம் நைட்ரஜனை அளந்து போடும் கணக்கு, அது இறைச்சியில் இருந்து வந்ததா மாவில் இருந்து வந்ததா என்று சொல்லாது. 2007-இல் சீனாவிலிருந்து வந்த கோதுமை குளூட்டனில் நைட்ரஜன் மிகுந்த மெலமின் என்ற வேதிப்பொருளைக் கலந்து புரத அளவை ஏற்றிக் காட்டியதும், வட அமெரிக்காவில் பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் கெட்டு இறந்ததும் இந்த ஓட்டை வழியாகத்தான்.

முன்பக்கத்தில் 'வித் டூனா' என்று இருந்தால் அமெரிக்க விதிப்படி அதில் டூனா 3% இருந்தாலே போதும், ஐரோப்பாவில் 4%. தினமும் மீன் வகையே கொடுக்காமல் கோழியை மாற்றி மாற்றிக் கொடுங்கள். டூனாவில் பாதரசம் சேரும் என்பதோடு, மீன் ருசிக்குப் பழகிய பூனை வேறெதையும் முகர்ந்துகூடப் பார்க்காது.

உப்பிய டின்னையும், மூடி மடிப்பில் நசுங்கியதையும் வாங்காதீர்கள். திறந்ததை மூடி போட்ட கண்ணாடி அல்லது எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடியுங்கள். தட்டில் வைத்ததை நம் வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவது நல்லது. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்ததைப் பூனை முகர்ந்துவிட்டுப் போனால் உணவு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, வாசனை எழும்பவில்லை. ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டு மசித்து, விரலில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்படி வையுங்கள்.

புதிய டின்னுக்கு மாற ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால். நடுவில் பேதி வந்தால் முந்தைய அளவுக்குத் திரும்பி அங்கேயே இரண்டு நாள் நில்லுங்கள். 'பசித்தால் தின்னும்' என்று பட்டினி போட வேண்டாம். பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு அடைந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் பழைய உணவையே வைத்துவிட்டு, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.